திருவயிறும் திருக்கற்றளியும்: வரலாற்றுப் புனைவில் செம்பியன் மாதேவியார்

முன்னுரை

தமிழ் வரலாற்றுப் புதினங்களில் இடம்பெற்ற இடைக்காலச் சமயப் பெண்டிருள் பரவலாக அறியப்பட்டவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியாகவும் உத்தம சோழரின் தாயாகவும் விளங்கிய இவ்வம்மையார், பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். திருநல்லம் எனப்பட்ட கோனேரிராசபுரம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் முதலிய ஊர்களில் அவர்தம் திருப்பணிக்குச் சான்றுகள் உள்ளன. எனினும் இன்றைய வாசகர் மனத்தில் நிலைபெற்றிருப்பவர் இக்கோயிற் சுவர்களில் பெயர் பொறிக்கப்பட்ட அரசியார் அல்லர்; 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' புதினம் படைத்துக் காட்டிய 'பெரிய பிராட்டியார்' ஆவார்.

புனைவாசிரியர்க்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமை எத்திசையில் செலுத்தப்பட்டது, அதனால் எது மறைந்தது என்பனவே ஆராயத்தக்கவை. கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியாரைச் செயலின் வழி அறிமுகப்படுத்துகின்றன. புதினமோ அவரை ஒரு மறைபொருளின் காவலராக ஆக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை போதிய அளவு கருதவில்லை என்பதும், அத்தொலைவை அளப்பதற்குரிய அளவுகோலை அவ்வரசியாரின் திருப்பணியே தருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கல்வெட்டு காட்டும் வாழ்வு

செம்பியன் மாதேவியாரின் பெயர் முதலாம் பராந்தகன் ஆட்சியின் பிற்பகுதியிலேயே, கி.பி. 941 அளவில், கல்வெட்டில் தோன்றுகிறது. முதலாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டு வரையில், அதாவது கி.பி. 1001 அளவு வரையில், அவரைப் பற்றிய செய்திகள் கிடைக்கின்றன. பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன், இராசராசன் என அறுவர் ஆட்சியைக் கண்ட வாழ்வு அது. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டதும், அதன்பின் அரசுரிமை கிளை மாறிச் சென்றதும், பிறகு சோழப் பேரரசு எழுந்ததும் இந்த 60 ஆண்டுகளுள் அடங்கும்.

இக்கல்வெட்டுகளில் அவர் குறிக்கப்படும் முறை நோக்கத்தக்கது. அவர் மழவரையர் மகளார். கண்டராதித்த தேவரின் தேவியார். உத்தம சோழ தேவரைத் 'திருவயிறு வாய்த்த' உடைய பிராட்டியார். தந்தை, கணவர், மகன் என மூவர் வழியாகவே அவர் அடையாளம் பெறுகிறார். பெயரடைகள் அனைத்தும் ஆடவரைச் சார்ந்து நிற்கின்றன. ஆனால், அதே தொடர்களின் வினைகள் வேறொன்றைச் சொல்லுகின்றன. கற்றளி எடுப்பித்தவரும், திருமேனி எழுந்தருளுவித்தவரும், நிலமும் பொன்னும் கொடுத்தவரும் அவரே. பெயர் சார்ந்து நிற்க, வினை தனித்து நிற்கிறது எனலாம்.

அவ்வினைகளுட் பல பிறவினைகளாதலும் கருதத்தக்கது. ஏவுதற் கருத்தாவிற்கு அரசன் கோயில் கட்டியதை எடுத்துக்காட்டுவது இலக்கணப் பாடத்தில் இயல்பாக வழங்கும் முறை. அவ்வெடுத்துக்காட்டில் அரசன் இருக்கும் இடத்தில் ஒரு பெண்ணை வைத்துக் காட்டுகிறது கோனேரிராசபுரக் கல்வெட்டு. கண்டராதித்தரின் திருப்பெயரால் அக்கற்றளியை எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார் என்பதையும், இலிங்கத்தை வழிபடும் நிலையில் அங்கே செதுக்கப்பட்டிருப்பவர் கண்டராதித்தர் என்பதையும் அது தெரிவிக்கிறது. அரசியாரின் ஆணையை ஏற்றுத் திருப்பணியை நிறைவேற்றிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனான அரசரண சேகரன் என்பானின் பெயரும், அவன் பெற்ற இராசகேசரி மூவேந்த வேளான் என்னும் பட்டமும் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளன. ஏவியவர், ஏவலை முடித்தவன், பெயர் குறிக்கப்படாத கல் தச்சர் என மூன்று நிலைகளை உடையதொரு பணியமைப்பு இங்குப் புலனாகிறது. இறைவன்பால் வைத்த அன்பு ஆணையாகி, ஆணை கணக்காகி, கணக்கு கல்லாகிய வரலாறு இது.

புனைவு செய்த மாற்றம்

'பொன்னியின் செல்வன்' கதை சுந்தர சோழனின் இறுதிக் காலத்தில் நிகழ்வது. அதில் செம்பியன் மாதேவியார் மிகுந்த மதிப்புடன் படைக்கப்பட்டுள்ளார். அவருடைய சிவபக்தியும் திருப்பணி ஆர்வமும் பலவிடங்களில் பேசப்படுகின்றன. ஆயினும் கதையின் இயக்கத்தில் அவருக்குரிய பங்கு திருப்பணியைச் சார்ந்ததன்று. தாம் வளர்த்த மதுராந்தகன் அரியணை ஏறுவதைத் தடுப்பதே அவர் மேற்கொள்ளும் முதன்மைச் செயல். மகன் சிவத்தொண்டனாக வாழவேண்டும் என்பது கணவரின் விருப்பம் என்று அவர் காரணம் காட்டுகிறார். உண்மைக் காரணம் பின்னர் வெளிப்படுகிறது. தமக்குப் பிறந்த குழந்தை உயிரற்றது என எண்ணி, மந்தாகினி ஈன்ற குழந்தையைத் தம் குழந்தையாக அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். இறந்ததாகக் கருதப்பட்ட குழந்தை பூமாலை கட்டும் சேந்தன் அமுதனாக வளர்ந்து, இறுதியில் உத்தம சோழன் என முடிசூடுகிறது.

புதினக் கட்டமைப்பு என்ற அளவில் இது திறம்பட்ட உத்தி. வரலாற்றில் உத்தம சோழன் ஆண்டதும் உண்மையாக வேண்டும்; அருண்மொழியின் தியாகமும் ஒளிபெற வேண்டும்; அரியணைக்கு ஆசைப்பட்டவனும் அதற்கு உரியவனும் வேறாக வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்ற ஆள்மாறாட்டம் கல்கிக்கு உதவியது. மக்கள் விரும்பியும், தன் சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை அருண்மொழி அரசை விரும்பவில்லை என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தி இக்கற்பனைக்கு வித்தாயிற்று என்பதும் தெளிவு.

ஆனால், இவ்வுத்தி எதன்மீது கட்டப்பட்டது என்பதைக் காணவேண்டும். கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியாரைச் சுட்டுவதற்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்திய அடையாளம், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்பது. புதினம் அதே திருவயிற்றை ஒரு புதிராக ஆக்கிவிட்டது. யாருக்கு யார் மகன் என்னும் வினாவே அவரது வாழ்வின் நடுப்பொருளாகிறது. கல்லில் உரிமைப் பெயராக நின்ற தாய்மை, கதையில் மறைக்கவேண்டிய செய்தியாக மாறுகிறது. கல்வெட்டில் அவர் பேசுவதெல்லாம் அறிவிப்பாக இருக்க, புதினத்தில் அவர் பேசாதிருப்பதே செயலாகிறது.

இம்மாற்றத்தின் விளைவு காலக்கணக்கிலும் வெளிப்படுகிறது. அவருடைய திருப்பணிகளுட் பெரும்பான்மையன உத்தம சோழனின் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 970 முதல் 985 வரையுள்ள காலத்தில், நடைபெற்றவை. மகனின் அரசும் தாயின் திருப்பணியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே இதனால் பெறப்படும் கருத்து. நாகப்பட்டினத்தை அடுத்துச் செம்பியன் மாதேவி என அவர் பெயராலேயே ஓர் ஊர் அமைந்தது. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலுக்கு உத்தம சோழனின் தேவியர் பலர் கொடைகள் அளித்தனர். மாமியாரின் பிறந்த நாளாகிய சித்திரைக் கேட்டையைச் சிறப்பிக்கவும் அங்கே அறக்கட்டளை ஏற்பட்டது. தாய்க்கும் மகனுக்கும் பகை இருந்ததற்கு இக்கல்வெட்டுகளில் குறிப்பேதும் இல்லை. இசைவுக்கான சான்றுகளே மிகுதி. கதை முடியும் இடத்தில்தான் கல்வெட்டு காட்டும் மாதேவியாரின் பெருவாழ்வு தொடங்குகிறது. வாசகர் அவரை விட்டுப் பிரியும் இடமும் அதுவே.

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த திரைப்படம், மதுராந்தகனே உத்தம சோழனாக முடிசூடுவதாகக் காட்டிக் கதையின் சிக்கலைக் குறைத்தது. இவ்வகையில் அது கல்வெட்டை நெருங்கியது எனலாம். எனினும் அங்கும் அரசியார் மகனைத் தடுக்கும் தாயாகவே நிற்கிறார். கோயில் எடுப்பிக்கும் அரசியாக அவர் வளரவில்லை.

புராண மரபும் புதினமும்

சமயப் பெண் ஒருவரின் வாழ்வைக் கதையாகக் கட்டும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. காரைக்காலம்மையாரின் பதிகங்களிலும் அந்தாதியிலும் இரட்டை மணிமாலையிலும் பரமதத்தனைப் பற்றிய பேச்சே இல்லை; மாங்கனியும் இல்லை. சுந்தரர் அவரைப் 'பேயார்' என்னும் ஒரு பெயரால் சுட்டிச் சென்றார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில்தான் வணிகக் குடும்பமும், மணவாழ்வும், கணவனின் அச்சமும், உருவம் உதறிய நிகழ்ச்சியும் ஒழுங்குபட்ட வரலாறாக விரிகின்றன. பாடல்களில் இறைவனோடு நேர்நின்று பேசிய குரலுக்குப் புராணம் ஓர் இல்லறப் பின்னணியை அளித்தது.

இரு படைப்புகளும் காலத்தாலும் நோக்கத்தாலும் வேறானவை. ஆயினும் ஒரு பொதுமை தெரிகிறது. பெண்ணின் சமய வாழ்வுக்குக் காரணம் கூறவேண்டும் என்ற தேவையைப் புராணமும் புதினமும் உணர்கின்றன. அக்காரணத்தை இரண்டுமே குடும்பத்திற்குள் தேடுகின்றன. அம்மையார் பேயுரு வேண்டியது கணவன் விலகியதனால். மாதேவியார் சிவத்தொண்டில் நின்றது கணவரை இழந்ததனாலும் மகவைப் பற்றிய மறைவினாலும். இறையன்பு தன்னளவிலேயே ஒரு வாழ்வை நடத்தப் போதுமானது என்பதைக் கதைமரபு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆடவர் பக்திக்கு அருள் காரணமாகிறது. பெண்டிர் பக்திக்கு இழப்பு காரணமாகிறது.

சேக்கிழாருக்கும் கல்கிக்கும் இடையே ஒரு வேறுபாட்டையும் மறைத்தல் ஆகாது. சேக்கிழாரின் கதை அம்மையாரைத் திருவாலங்காட்டில் இறைவன் திருவடிக்கீழ் இருத்தி, அவர் பாடிக்கொண்டே இருப்பதாக முடிகிறது. அவரது தொழிலாகிய பாட்டு கதையின் இறுதியில் அவரிடமே மீள்கிறது. மாதேவியாரின் தொழிலாகிய திருப்பணிக்கு அத்தகைய மீட்சி புதினத்தில் வாய்க்கவில்லை.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, செம்பியன் மாதேவியார் என்னும் பெயரைத் தமிழ் மக்களிடையே பரப்பியதே கல்கியின் புதினம்தான் என்பது. இது முற்றிலும் உண்மை. கல்வெட்டு அறிக்கைகளில் அடங்கிக் கிடந்த பெயரைக் குடும்பப் பெயர்போல் வழங்கச் செய்த பெருமை அவருக்கே உரியது. ஆயினும் நன்றியும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பெயரை அறிமுகப்படுத்திய நூலே அப்பெயரின் பொருளை வரையறுத்துவிடும் நிலை ஏற்படும்போது ஆய்வாளர் குறுக்கிடுவது கடமையாகிறது.

இரண்டாவது, கல்வெட்டும் கலப்பற்ற உண்மை அன்று என்பது. இதுவும் ஏற்கத்தக்கதே. மெய்க்கீர்த்தியும் பெயரடைகளும் அரச அவையின் மொழி. அவற்றில் அரசியாரின் அகம் கேட்பதில்லை. கணவரின் பெயரால் கோயில் எடுப்பித்தது அன்பினாலா, கிளை மாறிய அரசுரிமையில் தம் மரபினை நிலைநாட்டும் நோக்கினாலா, இரண்டினாலுமா என்பதற்குக் கல்லில் விடை இல்லை. கண்டராதித்தர் 'மேற்கெழுந்தருளிய தேவர்' எனச் சுட்டப்படுவதன் பொருள் யாது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், இவ்வாதம் புனைவின் தேவையை வலியுறுத்துகிறதேயன்றி, கல்வெட்டைப் புறக்கணிக்க இடந்தரவில்லை. கல்வெட்டு பேசாத இடமே புனைவாசிரியரின் நிலம். பேசும் இடத்தில் அதனை மாற்றி எழுதுவதைவிட, பேசாத இடத்தில் புகுந்து எழுதுவது அரிய பணி. பயனுடைய பணியும் அதுவே.

மூன்றாவது, புதினத்தை வரலாற்று அளவுகோலால் அளத்தல் திறனாய்வு நெறியன்று என்பது. இங்கு அளக்கப்படுவது புதினம் மட்டுமன்று. புதினம் வரலாற்றுக்குள் திரும்பி வரும் வழியும் ஆகும். கோயில்களைக் காணச் செல்வோர் கதைமாந்தரை மனத்திற் கொண்டு கல்வெட்டைப் பார்க்கின்றனர். வகுப்பறையில் உத்தம சோழன் பெயர் வந்தவுடன் சேந்தன் அமுதன் பெயரும் எழுகிறது. புனைவு தன் எல்லைக்குள் நிற்கும்வரை திறனாய்வுக்கு உரியது. அது சான்றின் இடத்தில் அமரத் தொடங்கும்போது வரலாற்றாய்வுக்கும் உரியதாகிறது.

இத்தகைய மயக்கம் கதைக்கு மட்டும் உரியதன்று. வாசிங்டன் ஃபிரீயர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருந்துவரும் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று செம்பியன் மாதேவியாரைக் குறிப்பது என ஒரு சாராரும், உமையம்மையின் படிமமே என மற்றொரு சாராரும் கூறுவர். அரசி இறைவியின் வடிவில் காணப்படுகிறாரா, இறைவி அரசியின் பெயரால் அழைக்கப்படுகிறாரா என்னும் வினா இன்னும் முடியவில்லை. அங்கே ஐயம் ஐயமாகவே பதிவு செய்யப்படுகிறது. கதைமாந்தரைப் பொறுத்தவரை அத்தகைய பதிவு இல்லை என்பதே வேறுபாடு.

பழங்கற்படி என்னும் அளவுகோல்

வரலாற்றுப் புனைவு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு வெளியிலிருந்து கோட்பாடு தேட வேண்டியதில்லை. திருக்கோடிகாவல் கோயிலே ஒரு நெறியைக் காட்டுகிறது. அக்கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கியபோது, பல்லவர் காலத்தனவும் முற்சோழர் காலத்தனவுமாகிய பழைய கற்கள் அங்கே இருந்தன. அவற்றிலிருந்த ஆவணங்கள் புதிய சுவர்களில் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அவ்வாறு பொறித்தபோது, அவை பழங்கற்படி என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது.

இச்செயலின் நுட்பம் எண்ணத்தக்கது. பழைய கற்களைக் கழித்துவிட்டு, புதிய கோயிலுக்குப் புதிய புகழ் மட்டும் எழுதியிருக்கலாம். பழைய ஆவணங்களைப் புதியனபோல் எழுதியிருக்கவும் கூடும். இரண்டும் செய்யப்படவில்லை. கொடையாளர் முன்னர் வைத்த விளக்கும் நிலமும் கல்லில் எழுதிய சொல்லை நம்பி நின்றவை. கல் போனால் அக்கடமையும் போகும். ஆதலால் படி எடுக்கப்பட்டது. படி எது என்பதும் மறைக்காமல் கூறப்பட்டது. புதுப்பித்தல், காத்தல், வேறுபடுத்திக் காட்டல் ஆகிய மூன்றும் ஒரே பணியில் அமைந்தன.

வரலாற்றுப் புதினமும் ஒருவகைக் கற்றளியே. செங்கல் நிலையில் உள்ள சான்றுகளை எடுத்து நிலைத்த வடிவம் தருவது அது. எது பழங்கற்படி, எது புதுக்கல் என்பதை வாசகர் உணருமாறு எழுதுதல் கலையைக் குறைப்பதாகாது. அடிக்குறிப்பாலோ பின்னுரையாலோ கதை சொல்லும் முறையாலோ இதனைச் செய்ய இயலும். கல்கியே தம் புதினத்தில் செப்பேடு, கல்வெட்டுச் செய்திகளை ஆங்காங்கே சுட்டிச் செல்கிறார். அவர் தொடங்கிய அவ்வழக்கத்தை முழுமையாக்குவது அடுத்து எழுதுவோர் கடன்.

அத்தகைய புதினத்திற்குரிய கதைப்பொருள் கோயிற் சுவர்களிலேயே காத்திருக்கிறது. இடிக்கப்படவுள்ள செங்கற் கோயிலின் முன்னே பழைய கல்லொன்றைப் படித்துக்காட்டும் ஊர்ச்சபையார். முன்னோர் வைத்த விளக்கு அணைந்துவிடுமோ என அஞ்சும் குடும்பத்தார். ஆணையை நிறைவேற்றிப் பட்டம் பெற்ற சாத்தன் குணபத்தன். அரசரின் திருவுருவத்தை இலிங்கத்தின் முன் செதுக்கிய பெயரறியாத சிற்பி. மாமியாரின் பிறந்த நாளுக்குக் கொடையளித்த மருமகளிர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் விருப்பமும் அச்சமும் இழப்பும் உண்டு. ஆள்மாறாட்டமோ அரண்மனைச் சதியோ இன்றியே இங்கு முரண் பிறக்கும். ஒரு கோயிலைக் கல்லாக்குவது எவருக்கு ஆக்கம், எவருக்கு இழப்பு என்னும் வினாவே ஒரு பெரும் புதினத்தைத் தாங்கவல்லது. அவ்வினாவின் நடுவில் நிற்கும் அரசியார் இழப்பின் உருவமாக மட்டும் இரார். முடிவெடுப்பவராகவும், அம்முடிவுக்குப் பொறுப்பேற்பவராகவும் இருப்பார்.

முடிவுரை

செம்பியன் மாதேவியாரைப் பற்றிய வரலாற்றுப் புனைவு, அவருடைய பக்தியைப் போற்றியது. ஆனால் அதனை இழப்பின் விளைவாகக் கண்டது. அவருடைய தாய்மையை மதித்தது. ஆனால் அதனை மறைபொருளாக்கியது. கல்வெட்டுகள் தாய்மையையும் திருப்பணியையும் ஒருசேர வெளிப்பட அறிவிக்கின்றன. தமிழ்த்துறைகளில் வரலாற்றுப் புதினமும் கல்வெட்டியலும் தனித்தனித் தாள்களாகவே பயிலப்படும் நிலையில் இவ்வேறுபாடு மாணவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரே வகுப்பில் கோனேரிராசபுரக் கல்வெட்டையும் 'பொன்னியின் செல்வன்' பகுதியையும் அருகருகே வைத்துப் படிப்பிப்பது இதற்கு முதற்படியாகும். சேந்தன் அமுதன் எந்தச் சுவரிலும் இல்லை என்பதையும், சாத்தன் குணபத்தன் சுவரில் இருந்தும் கதையில் இல்லை என்பதையும் மாணவர் தாமே கண்டறிவர்.

முதலாம் இராசேந்திரன் காலத்தில் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவ்வரசியாரின் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டது. வாழ்ந்தவரைப் படிமமாக்கும் வழக்கம் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை இது உணர்த்தும். படிமமாக்குதல் தவிர்க்க இயலாததாக இருக்கலாம். படிமத்தின் அருகே, இது படி என்று ஒரு சொல் எழுதிவைத்தல் இயலும். திருக்கோடிகாவலில் அதனை எழுதுவித்தவரைப் பற்றி எழுதுவோர், அவருக்குச் செலுத்தக்கூடிய குறைந்த அளவு மரியாதை அது.